ஐந்து கிலோவில் நிற்கும் சத்திரசிகிச்சை: திருநம்பிகளின் மார்பும் தீவகத்து மருத்துவமும்

யாழ்ப்பாணத்தில் ஆண் உடலுக்கு ஒரு பகிரங்கச் சோதனை இருக்கிறது. அது நடப்பது கோயில் வாசலில். நல்லூரிலும் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலும் ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். புங்குடுதீவுக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காக வரிசையில் நிற்கும் ஆண்களில் பெரும்பாலானோருக்கு இது ஒரு விஷயமே அல்ல. பிறக்கும்போது பெண் எனப் பதியப்பட்டு, ஆணாக வாழும் திருநம்பிக்கு அது முழு வாழ்க்கையும் அம்பலமாகிற இடம். கடலில் குளிப்பது, கிணற்றடியில் நிற்பது, வேலைத்தளத்தில் வெயிலுக்குச் சேட்டைக் கழற்றுவது எல்லாம் இதே வரிசைதான். குரல் மாறலாம், தாடி வரலாம், மார்பு மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் பல திருநம்பிகள் முதலில் கேட்கும் சத்திரசிகிச்சை மார்புச் சத்திரசிகிச்சையாக இருக்கிறது. எல்லோரும் கேட்பதில்லை. கேட்காதவர் ஆண் இல்லை என்றும் ஆகாது.

இதைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் அடையாளம், சட்டம், குடும்பம் என்று நின்றுவிடுகின்றன. சத்திரசிகிச்சை மேசைக்கு அருகில் போய்ப் பார்ப்பது குறைவு. அங்கே போனால் முதலில் எதிர்ப்படுவது தராசு. எத்தனை கிலோ, எவ்வளவு உயரம், இரண்டையும் வைத்துக் கணக்கிடும் உடல் திணிவுச் சுட்டி எத்தனை? உலகின் பல சத்திரசிகிச்சை நிலையங்கள் அந்த எண் 30க்கு மேல் என்றாலோ, 35க்கு மேல் என்றாலோ, 40க்கு மேல் என்றாலோ 'எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்புகின்றன. எல்லை எண் இடத்துக்கு இடம், வைத்தியருக்கு வைத்தியர் மாறுகிறது என்பதே யோசிக்க வைக்கவேண்டிய செய்தி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் 82 கிலோ இருந்தால் அவரது சுட்டி 32. எல்லையை 30 என்று வைத்திருக்கும் ஒரு நிலையத்தில் அவருக்கு இடமில்லை. 77 கிலோவுக்கு இறங்கினால் ஏறக்குறைய கதவு திறக்கும். இடையில் இருப்பது ஐந்து கிலோ. இந்த ஐந்து கிலோ உண்மையில் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் சத்திரசிகிச்சை எப்படி நடக்கிறது என்று சொல்லவேண்டும். மார்பகத்தில் சுரப்பித் திசு இருக்கிறது, அதைச் சூழக் கொழுப்பு இருக்கிறது, மேலே தோல் இருக்கிறது. சத்திரசிகிச்சை நிபுணர் பார்ப்பது இந்த மூன்றின் விகிதத்தை. மார்பு மிகச் சிறியது, தோல் இறுக்கமானது என்றால் முலைக்காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாக ஒரு சிறு வெட்டுப் போட்டு, அதன் வழியே உள்ளிருப்பதை எடுத்துவிடலாம். தழும்பு கண்ணுக்குத் தெரிவது அருமை. கொஞ்சம் பெரிதானால் கருவட்டத்தைச் சுற்றி முழு வட்டமாக வெட்டி, மிகையான தோலையும் வளையமாக நீக்குவார்கள். மார்பு பெரிதாக, தொய்ந்து, தோல் நெகிழ்ச்சியை இழந்திருந்தால் இந்த இரண்டும் உதவாது. மார்புத் தசையின் கீழ் ஓரத்தில் இரண்டு பக்கமும் நீளமாக வெட்டி, திசுவையும் தோலையும் நீக்கி, முலைக்காம்பைத் தனியே எடுத்துச் சிறிதாக்கி, புதிய இடத்தில் தோல் ஒட்டாக வைத்துத் தைக்கவேண்டும். நெஞ்சு நன்றாகத் தட்டையாகும். விலையாக இரண்டு நீண்ட தழும்புகள் நிற்கும், முலைக்காம்பின் உணர்ச்சி பெரும்பாலும் போகும், நம்மைப் போன்ற கறுத்த தோல்காரருக்கு ஒட்டு வைத்த இடத்தில் நிறம் வெளிறித் திட்டுத் திட்டாகத் தெரியவும் கூடும். காம்பை அதன் இரத்த ஓட்டத்தோடு ஒரு திசுப்பாலத்தில் வைத்தபடியே மேலே நகர்த்தும் முறையும் உண்டு. உணர்ச்சி ஓரளவு மிஞ்சும். ஆனால் அந்தப் பாலத்தின் பருமன் உள்ளேயே இருப்பதால் நெஞ்சு முற்றாகத் தட்டையாகாது.

பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழக வைத்தியசாலையின் குழு 2008இல் 92 திருநம்பிகளின் 184 மார்புகளில் செய்த சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து, யாருக்கு எந்த முறை என்று தெரிவதற்கு ஒரு வழிமுறையை வெளியிட்டது. மார்பின் அளவு, முலைக்காம்பின் இடம், தோலின் நெகிழ்ச்சி ஆகியவையே அதில் பார்க்கப்படுகின்றன. மார்பு சின்னதாக இருந்தாலும் தோல் தளர்ந்திருந்தால் சின்ன வெட்டு பிழைத்துவிடும் என்பதே அதன் முக்கியமான பாடம். எந்த முறை என்பதைத் தீர்மானிப்பது தராசு காட்டும் மொத்த எடை இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அந்த எண்ணின் பூர்வீகமும் கென்ற் நகரில்தான் தொடங்குகிறது என்பது ஒரு வேடிக்கை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் சூத்திரத்தை 1830களில் முன்வைத்த அடொல்ஃப் கெற்லே அங்கே பிறந்தவர். அவர் வைத்தியர் அல்லர், வானியலும் புள்ளிவிபரமும் படித்தவர். 'சராசரி மனிதனை'த் தேடியவர். 1972இல் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். கூட்டமாக மனிதர்களை ஒப்பிட அது வசதியான கருவி. ஒருவரின் நெஞ்சில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மூட்டை தூக்கும் ஒரு தொழிலாளியும் கதிரையில் இருந்து வயிறு வைத்த ஒருவரும் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள்.

தெற்காசியர்களான எங்களுக்கு இது இன்னும் சிக்கல். ஒரே சுட்டியில் ஐரோப்பியரைவிட எங்கள் உடலில் கொழுப்பு அதிகம், அதிலும் வயிற்றுப் பகுதியில் அதிகம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல், ஆசிய மக்களிடம் ஆபத்து 23இலேயே கூடத் தொடங்குகிறது, 27.5இல் மிகையாகிறது என்று சொன்னது. அப்படியானால் 30 என்ற எல்லைக்குள் இருக்கும் ஒரு தமிழ்த் திருநம்பி பாதுகாப்பானவர் என்று அர்த்தமில்லை. சீனி வியாதி, பிரஷர் எல்லாம் அதற்குக் கீழேயே வந்திருக்கலாம். 32இல் இருக்கும் இன்னொருவருக்கு இரத்தப் பரிசோதனை அத்தனையும் சுத்தமாக இருக்கலாம். முன்னவரை மேசையில் ஏற்றி, பின்னவரைத் திருப்பி அனுப்பும் ஒரு விதி யாரையும் காப்பாற்றுவதில்லை.

இதைச் சொல்லும்போது எடைக்கும் சத்திரசிகிச்சைக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. சம்பந்தம் உண்டு. உடல் பெருத்தவருக்கு மயக்க மருந்து கொடுப்பதில் மூச்சுக்குழாய் பற்றிய கவனம் கூடுதலாகத் தேவை. நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டும். வெட்டு நீளமாகும், காயத்தின் உள்ளே நீர் சேரும், காயம் ஆறப் பிந்தும். கமக்கட்டுப் பக்கத்தில் கொழுப்பு மடிப்பாகத் தொங்குவதால் வெட்டை முதுகுப் பக்கம் நீட்டவோ, கொழுப்பை உறிஞ்சி எடுக்கவோ வேண்டிவரும். இல்லாவிட்டால் நெஞ்சு தட்டையாகி இரண்டு பக்கமும் காது போல் தோல் துருத்தி நிற்கும், திருத்துவதற்கு இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்படும். மிக அதிக பருமனில் இந்தச் சிக்கல்கள் கூடுகின்றன. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் வந்த ஆய்வுகள் பலவும், கூடுவது பெரும்பாலும் கையாளக்கூடிய சிறு சிக்கல்களே என்றும், எடை ஒன்றை மட்டும் காரணம் காட்டி மறுப்பதற்கு அது போதாது என்றும் சொல்கின்றன. திருநர் சுகாதாரத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் 2022இல் வெளியிட்ட எட்டாவது பராமரிப்பு நியமங்களில் மார்புச் சத்திரசிகிச்சைக்கான நிபந்தனைகளுள் சுட்டிக்கு எல்லை எண் எதுவும் இல்லை. ஒட்டு வைத்த முலைக்காம்பு பிழைப்பதற்குப் புகைத்தலும் கட்டுப்படாத சீனியும் எடையைவிட நேரடியான எதிரிகள். இரண்டும் இரத்தக் குழாய்களைக் கெடுப்பவை. சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் பல வாரங்கள் சிகரெட்டைத் தொடக்கூடாது என்று நிபுணர்கள் சொல்வது அதனால்தான்.

'குறைத்துக்கொண்டு வா' என்ற சொல்லின் மறுபக்கமும் இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்தால் மார்பில் இருக்கும் கொழுப்புக் கொஞ்சம் குறையும், சுரப்பித் திசு அப்படியே இருக்கும். வேகமாகக் குறைத்தால் தோல் தொங்கும். ஆக, சின்னத் தழும்புக்காக எடையைக் குறைத்தவர் தளர்ந்த தோலோடு வந்து பெரிய வெட்டுக்கே ஆளாகலாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு எடை ஏறினால் எஞ்சிய கொழுப்பு மீண்டும் நெஞ்சில் தெரியும், தழும்பு அகலும். இங்கே முக்கியம் மாதக்கணக்கில் ஆடாமல் நிற்கும் ஒரு எடை. ஒரு திகதிக்காகப் பட்டினி கிடந்து அடையும் எண்ணால் பயனில்லை. டெஸ்டோஸ்டெரோன் ஓமோன் எடுப்பவருக்குத் தசை கூடும், இடுப்பில் இருந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகரும், தராசில் எடை ஏறவும் கூடும். உடல் ஆணுருவை நோக்கி மாறும்போதே சுட்டி கூடுகிறது. அதே சுட்டிதான் கதவை மூடுகிறது. மார்பகத் திசுவோ ஓமோனால் கரைந்து போவதில்லை.

எடை என்றால் பருமன் மட்டுமே என்று நினைக்கவும் கூடாது. எங்கள் பக்கத்தில் மெலிந்த உடல்களும் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் எத்தனை வீடுகளில் இரவுச் சாப்பாடு தேநீராகச் சுருங்கியது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மெலிந்தவருக்குச் சிறு வெட்டு வாய்க்கலாம். ஆனால் தோலுக்கு அடியில் விட்டுவைக்கக் கொழுப்பு இல்லாததால் நெஞ்சு பள்ளமாகி, தோல் தசையோடு ஒட்டிப்போகும் அபாயம் அவர்களுக்குத்தான். நல்ல நிபுணர் எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பதில்லை, வேண்டுமென்றே ஒரு மெல்லிய படையை விடுவார். இரத்தச்சோகை இருந்தால் சத்திரசிகிச்சையே தள்ளிப்போகும். மாதவிடாயை நிறுத்துவதற்காகவே சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளைகளும், மார்பின் வடிவம் தெரியாதிருக்க உடம்பைப் பெருப்பித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். திருநர் இளையோரிடம் உணவுப் பழக்கக் கோளாறுகள் மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளில் காணப்பட்ட விஷயம். எடையை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பும் வைத்தியர் இந்தக் கதையைக் கேட்பதே இல்லை.

அதுவரை என்ன செய்வது? இறுக்கிக் கட்டுவதுதான். அதற்கென்றே தைத்த உள்ளாடை கையில் இல்லாதவர்கள் காயத்துக்குச் சுற்றும் கிரேப் பன்டேஜையோ சாக்கு நாடாவையோ சுற்றிக்கொள்கிறார்கள். பன்டேஜ் மூச்சு விடும்போது விரிவதில்லை, மேலும் மேலும் இறுகும். விலா நோகும், தோல் புண்ணாகும், தீவகத்து வெயிலில் வியர்வை சேர்ந்து தடிப்பாகும். நித்திரையில் அதைக் கழற்றவேண்டும், பாரம் தூக்கும்போது அணியக்கூடாது. வருடக்கணக்கில் இறுக்கிக் கட்டினால் தோலின் நெகிழ்ச்சி குறையும் என்பது சத்திரசிகிச்சை நிபுணர்களின் அனுபவம். அதாவது காத்திருப்பு நீள நீளச் சின்ன வெட்டுக்கான வாய்ப்புக் கைநழுவுகிறது.

போரைக் கடந்தவர்களுக்கு இந்த மருத்துவம் அந்நியமாக இருக்கவேண்டியதில்லை. செல் துண்டு பட்ட காயத்துக்குத் தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டியதைப் பார்த்த கண்கள் இவை. முலைக்காம்பை எடுத்து ஒட்டுவதும் அதே தோல் ஒட்டுத்தான். நவீன பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையே முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களின் மேல் வளர்ந்தது. அதில் முன்னோடியான ஹரல்ட் கில்லிஸ்தான் 1940களின் பிற்பகுதியில் மைக்கல் டிலன் என்ற பிரித்தானியத் திருநம்பிக்கு ஆணுறுப்பு அமைக்கும் சத்திரசிகிச்சைகளைச் செய்தவர். டிலனின் மார்புச் சத்திரசிகிச்சை அதற்கும் முன்பே, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது முடிந்திருந்தது. பிறகு அவர் கப்பல் வைத்தியராகி, பௌத்தத் துறவியாகி, 1962இல் இந்தியாவில் இறந்தார்.

ஒரு நடைமுறை விஷயமும் இதில் உண்டு. நெஞ்சில் செல் காயமோ எரிகாயமோ பட்டவர்களுக்குப் பழைய தழும்பு காம்புக்குப் போகும் இரத்த ஓட்டத்தை மாற்றியிருக்கும். வெட்டு எங்கே போடுவது என்பதை அது தீர்மானிக்கும். காயம் ஆறியபின் தழும்பு தடித்து வளர்ந்த அனுபவம் உள்ளவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லவேண்டும். நெஞ்சு அப்படித் தழும்பு தடிக்கும் இடங்களில் ஒன்று, கறுத்த தோலில் அது இன்னும் கூட. இது தராசில் தெரியாத உடல் வரலாறு.

இலங்கையின் நிலைமைக்கு வருவோம். 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி உளமருத்துவ நிபுணர் ஒருவர் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அதே ஆண்டு பதிவாளர் நாயகம் விடுத்த சுற்றறிக்கை, அந்தச் சான்றிதழை வைத்துப் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பால் விபரத்தையும் மாற்ற வழிசெய்தது. தெற்காசியாவில் குறைத்து மதிப்பிட முடியாத ஒரு முன்னேற்றம் அது. ஆனால் அது சுற்றறிக்கை, சட்டம் இல்லை. 2024 ஜூனில் பால்நிலை சமத்துவச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தபின் இந்தத் திசையில் பாராளுமன்றம் நகரும் என்ற நம்பிக்கை தளர்ந்துவிட்டது. தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவு திருநர்கள்மேல் பாவிக்கப்படுவதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016 ஓகஸ்ட் அறிக்கையில் பதிவுசெய்தது. அடையாள அட்டையில் ஒன்றும் நெஞ்சில் ஒன்றுமாக இருப்பவருக்கு, சோதனைச் சாவடியில் ஆண்கள் வரிசையா, துணி மறைப்புக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் வரிசையா என்ற கேள்வி என்னவென்று எங்கள் தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை.

ஆவணத்துக்கு வழியிருக்கிறது, உடலுக்கான வழி அந்தளவு தெளிவாக எழுதப்படவில்லை. ஆணுக்கு மார்பு வளரும் நோய்க்கு இதே போன்ற சத்திரசிகிச்சை செய்கிறார்கள். அதற்கு 1973இலேயே ஒரு தரப்படுத்தல் வந்துவிட்டது, மார்பின் அளவையும் மிகைத் தோலையும் பார்த்துத்தான் அதுவும் தரம் பிரிக்கிறது. அந்த ஆணிடம் யாரும் உளமருத்துவக் கடிதம் கேட்பதில்லை. ஆக, கத்தி பிடிக்கத் தெரிந்த கைகள் இல்லை என்று சொல்லமுடியாது. குறைவது ஒழுங்கான பாதைதான். புங்குடுதீவில் இருந்து புறப்படும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பிரதேச வைத்தியசாலையில் ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். வாணர் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பஸ். அங்கிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு நாள் கூலி, பஸ் காசு, தங்க இடம் எல்லாம் போட்டுப் போனவரிடம் 'ஐந்து கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள்' என்றால் அவர் திரும்பி வருவாரா? பலர் தனியார் உடற்பயிற்சிக் கூடத்தில் கைமாறும் ஊசி மருந்தை நோக்கித்தான் போவார்கள். ஈரலையும் இரத்தத்தையும் யாரும் பரிசோதிக்காத ஓமோன் அது.

எடையை நிறுக்கலாம், சீனியை அளக்கலாம், ஈமோகுளோபின் பார்க்கலாம், போசாக்கு ஆலோசனை கொடுக்கலாம். இவை எதற்கும் கொழும்பு தேவையில்லை. யாழ்ப்பாணத்திலேயே முடித்து, ஒரு கடிதத்தோடு, தயாரான உடலாக அனுப்பினால் பயணம் ஒன்றாகக் குறையும். எல்லை எண் இருக்கத்தான் வேண்டும் என்று ஒரு நிபுணர் நினைத்தால் அதை எழுத்தில் வெளியிடட்டும். முன்கூட்டியே தெரிந்தால் வீண் பயணமாவது மிஞ்சும்.

ஊரில் எஞ்சியிருப்பது போருக்கு முந்திய சனத்தொகையின் ஒரு சிறு பங்குதான். புங்குடுதீவார் பெரும்பகுதி கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைப்பது பாதி உண்மை. சுவிற்சர்லாந்தில் 2022 ஜனவரி முதல் பதிவுப் பாலை மாற்ற ஓர் அறிவித்தல் போதும், வைத்தியக் கடிதம் தேவையில்லை. ஒன்ராறியோவில் மாகாணக் காப்புறுதி மார்பகத் திசுவை அகற்றும் செலவை ஏற்கிறது, நெஞ்சைச் சீராக வடிவமைக்கும் செலவையும் கொழுப்பு உறிஞ்சும் செலவையும் ஏற்பதில்லை. அந்த வடிவமைப்பு யாருக்கு அதிகம் தேவை? பருத்த உடலுக்கு. ஆக, றொரன்ரோவிலும் கொழுப்புக்கு ஒரு தனி வரி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2008இல் திருநர் நல வாரியம் வந்தது, அரசு வைத்தியசாலைகளில் இலவசச் சத்திரசிகிச்சை என்ற பேச்சும் அதோடு வந்தது. ஆனால் அங்கே பொதுப் பேச்சு நீண்டகாலமாகத் திருநங்கைகளைச் சுற்றியே இருந்தது, திருநம்பிகள் அதன் ஓரத்தில் நின்றார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து ஊர் திரும்பியபின் நடப்பதை எழுதாமல் விட முடியாது. நெஞ்சில் இருந்து நீரை வடிக்கும் குழாய்கள் சில நாட்களோ ஒரு வாரமோ இருக்கலாம். இறுக்கமான உள்ளாடை வாரக்கணக்கில். கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக்கூடாது, நான்கு முதல் ஆறு வாரம் வரை பாரம் தூக்கக்கூடாது. கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும், நல்ல தண்ணிக்காகக் கலனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவதும், வலை இழுப்பதும் அந்தத் தடைக்குள் வருகின்றன. தண்ணீர் உவர்த்துப்போன தீவில் தனியாக இருக்கும் ஒருவருக்கு ஆறு வாரம் யார் அள்ளிக் கொடுப்பது? காயத்துக்கு மருந்து கட்டப் பக்கத்து வைத்தியசாலைக்குப் போனால், சேட்டைக் கழற்றும்போது அறையில் யார் இருப்பார், அந்த அறையில் கண்டது வெளியே எத்தனை வீட்டுக்குப் போகும்? வெளிநோயாளர் பிரிவில் ஒரு கதவைச் சாத்தி, ஒரே தாதி தொடர்ந்து அந்தக் கட்டை மாற்றுவதற்கு அமைச்சின் புதிய சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை. வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியின் ஒரு முடிவு போதும்.